முதல் காது

அரசாங்கம் ஒரு முடிவு எடுத்துட்டா அதுக்கு ஒரு காரணம் இருக்கும். காரணம் இல்லைன்னா ஒரு கமிட்டி போட்டுக் காரணத்தக் கண்டுபிடிப்பாங்க. மதுரையில கலை மற்றும் பழம்பொருள் சந்தை நடத்துறதுன்னு முடிவானது அப்படித்தான். சிம்மக்கல் பக்கம் பெரிய கல்யாண மண்டபம் ஒண்ண வாடகைக்குப் புடிச்சு, குத்துவிளக்கு, தேக்குப் பெட்டி, சாயம் போன ஓவியம், ஓடாத கடிகாரம் எல்லாத்தையும் அடுக்கி, வாசல்ல பெருசா ஃபிளெக்ஸ் கட்டுனாங்க. அதுல பொருளோட படம் ஒண்ணுகூட இல்ல. ஆபீசருங்க படம் மட்டும் வரிசையா இருந்துச்சு. மேல 'அரிய பழம்பொருள்கள்'னு எழுதி, கீழ அவங்க படத்தப் போட்டதுல ஒருத்தருக்கும் ஒரு தப்பும் தெரியல.

சந்தையில யாவாரம் மட்டும் நடந்தா அது வெறும் சந்தை, கூடவே பொது உரையும் நடந்தாத்தான் பண்பாடு. இது சந்தையோட சிறப்பு அலுவலர் சிவசங்கரன் சொன்னது. ஆனா போன வருசம் உரை கேக்க ஒரு ஈ காக்கா வரல. ஒரே ஒருத்தர் வந்தாரு, அவரும் ஏசியில தூங்க வந்தவரு. மேலிடத்துல இருந்து 'ஏன்?'னு விளக்கம் கேட்டுட்டாங்க. அதனால இந்த வருசம் சிவசங்கரன் ஒரு விதி கொண்டுவந்தாரு. 'பழம்பொருளை வாங்க விழைவோர், அதன் பண்பாட்டுப் பின்புலம் குறித்த ஓர் உரையையேனும் முழுமையாகச் செவிமடுத்திருத்தல் வேண்டும்.' உரை கேட்டு முடிச்சவங்க புறங்கையில 'செவிமடுத்தார்'னு ஊதா மையில ஒரு சீல் குத்துவாங்க. சீல் இருந்தாத்தான் கடைக்காரன் பொருளக் கொடுப்பான். இல்லாதவங்க பாத்துப் பெருமூச்சு விட்டுட்டுப் போகலாம்.

விதி நல்ல விதிதான். அதுல போயி மாட்டுனது எங்க மருது.

மருது என் தங்கச்சி முத்துச்செல்வியக் கட்டுனவன். பழங்காநத்தத்துல நான் செல்போன் கவர் விக்கிறேன், பக்கத்துக் கடையில அவன் டயருக்குப் பஞ்சர் ஒட்டுறான். நான் அவன மாப்ளம்பேன், அவன் என்னைய மாப்ளம்பான். அவனுக்குக் கூடப்பொறந்தது ஒரே அக்கா, தங்கப்பொண்ணு. உசிலம்பட்டியில வாக்கப்பட்டிருக்கு. அந்த அக்கா மக தமிழ்வாணிக்கு அந்த ஞாயித்துக்கெழமதான் காதுகுத்து.

காலையில குலதெய்வம் கோயில்ல மொட்டையப் போட்டு, பழங்காநத்தத்துல மண்டபம் புடிச்சுக் காதுகுத்தும் கறிச்சோறும். பன்னெண்டு மணிக்கு எமகண்டம் பொறந்துரும். அதுக்குள்ள ரெண்டு காதும் குத்தி முடிச்சிரணும். எங்க பக்கம் புள்ளையத் தாய்மாமன் மடியில உக்கார வச்சுத்தான் குத்துறது. தாய்மாமன் இல்லைன்னா ஆசாரி ஊசியவே வெளிய எடுக்க மாட்டாரு. இந்த ஒரு மடிக்காக மருது அந்தப் புள்ள பொறந்த நாள்ல இருந்து காத்துக் கெடந்தான். புதுப் பட்டு வேட்டி வாங்கி, ஒரு வாரமா வீட்டுல கட்டிச் சம்மணம் போட்டு, மடியில தலகாணிய வச்சுப் பழகுனான். தலகாணி வழுக்குதான்னுகூடப் பாத்தான். என் தங்கச்சி தலையில அடிச்சுக்கிட்டா.

அப்படிப்பட்டவன் காதுகுத்தன்னைக்குக் காலையில பழம்பொருள் சந்தைக்கு எதுக்குப் போனான்? சீர் கொண்டுபோன அண்டாதான் காரணம். மண்டபத்துல அண்டாவ எறக்கி வச்சதும் அக்காவோட மாமியா ராமக்காள் ஒரு சுத்துச் சுத்திப் பாத்துச்சு.

"என்ன மருது, அண்டா இப்படிப் பளபளன்னு இருக்கு?"

"புதுசு அத்தை. பளபளன்னுதான இருக்கும்?"

"அதாம்ப்பா தப்பு. போட்டோக்காரத் தம்பி 'பாரம்பரியத் தீம்'னு சொல்லிருச்சு. போன மாசம் எங்க சின்னச்சாமி வீட்டு விசேசத்துல அம்புட்டும் பழசு. அண்டாவுல ஓட்டைகூட இருந்துச்சு. எம்புட்டு அழகுங்குற! இத வச்சுப் படம் எடுத்தா ஊர்ல சிரிக்க மாட்டாங்களா?"

ஒரு காலத்துல பழைய பாத்திரத்தச் சீர்ல வச்சா சம்பந்தமே முறிஞ்சு போகும். இப்பப் புதுசு வச்சா முறியுது. மருது என்னையப் பைக்ல ஏத்திக்கிட்டுச் சந்தைக்குப் பறந்தான். கம்மல் டப்பா அவன் சட்டைப் பையில இருந்துச்சு. அத அக்காகிட்டக் கொடுத்துட்டு வாடான்னேன். "தாய்மாமன் கையாலதான் கொடுக்கணும் மாப்ள. இந்தா போனோம், வந்தோம்"னான்.

சந்தையில மொக்கையன்னு ஒருத்தர் பித்தளைக் கடை போட்டிருந்தாரு. கடையில எல்லாமே கன்னங்கரேல்னு இருந்துச்சு.

"எம்புட்டு வருசத்துப் பழசுண்ணே?"ன்னு கேட்டான் மருது.

"ஒங்களுக்கு எம்புட்டு வருசம் வேணும்?"

"இல்ல, சும்மா தெரிஞ்சுக்கலாம்னு."

"இங்கிட்டு இருக்கிறதெல்லாம் நூறு. அங்கிட்டு எரநூறு. முந்நூறு வேணும்னா ஒரு வாரத்துக்கு முன்னாடி சொல்லணும், மண்ணுல போட்டு எடுக்கணும்ல."

எரநூறு வருசத்து அண்டா ஒண்ணப் பேசி முடிச்சோம். மொக்கையன் அண்டாவத் தூக்கி வச்சுட்டு, "கையக் காட்டுங்க"ன்னாரு. மருது கையக் காட்டுனான். திருப்பிக் காட்டச் சொன்னாரு. திருப்பியும் காட்டுனான்.

"சீல் இல்லையே தம்பி. உள்ள போயி உரை கேட்டுட்டு வாங்க. அர மணி நேரம்தான். முடிச்சிட்டு வந்தா அண்டா ஒங்களுது."

மணி அப்ப ஒம்பதரை. அர மணி நேரம்தானேன்னு ரெண்டு பேரும் உள்ள போனோம். நாங்க செஞ்ச தப்பு அதுதான். மதுரையில விழா மேடைக்கு முன்னாடி அர மணி நேரம்னு நம்பி உக்காந்தவன் நல்லா இருந்ததா எங்கயாச்சும் கேள்விப்பட்டிருக்கீகளா?

மண்டபத்துல வரிசை வரிசையா நாற்காலி. எங்கள மாதிரிச் சீலுக்காக வந்த ஒரு இருவது முப்பது பேரு உக்காந்திருந்தாங்க. மேடையில 'பழம்பொருளும் நாமும்'னு பேனர். பேச வந்தவரு கிரிதர், சென்னையில பழம்பொருள் நிபுணராம். கழுத்துல பாசிமணி, கையில ஒரு கத்தைக் காகிதம். பாவம், பேசணும்ங்கிற ஆசையில மொத ஆளா வந்து மேடையில உக்காந்திருந்தாரு. சிறப்பு விருந்தினர் யாருன்னா கலைப் பண்ட மேம்பாட்டு முகமையோட கூடுதல் இயக்குநர். அவரு 'வந்துகொண்டே இருக்கிறார்'னு சிவசங்கரன் மைக்ல சொன்னாரு. அதுக்குப் பிறகு ரெண்டு மணி நேரம் அவரு வந்துகொண்டே இருந்தாரு.

"சிறப்பு விருந்தினர் வருகை தரும் வரை, அவையில் வீற்றிருக்கும் சான்றோர் சிலரை மேடைக்கு அழைத்துச் சிறப்பிக்க விழைகிறோம்"ன்னு ஆரம்பிச்சாரு சிவசங்கரன். அங்கதான் புடிச்சது சனி.

நம்ம ஊர்ல ஒருத்தர மேடைக்குக் கூப்புட்டா, பக்கத்துல இருக்கிறவரு துண்ட ஒதறித் தோள்ல போட்டுட்டு எந்திரிச்சுருவாரு. 'அவனக் கூப்புடத் தெரியுது, என்னையக் கூப்புடத் தெரியலையா?' அவரு வெளிய போறதுக்குள்ள அவரையும் கூப்புட்டாகணும். அவரு மேல ஏறுனா அவரு மச்சினன் கீழ மொறைப்பாரு. ஓய்வுபெற்ற தாசில்தார் ஏறுனாரு. அவரு இருக்கும்போது ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் கீழ இருக்கலாமா? அவரும் ஏறுனாரு. வியாபாரிகள் சார்புல மொக்கையன் ஏறுனாரு. மண்டப மேனேஜர் ஏறுனாரு. மைக் செட்காரரு ஏற்கெனவே மேலதான் இருந்தாரு, அவரையும் ஒருதரம் கீழ எறக்கி மரியாதையா மேல கூப்புட்டாங்க.

காதுகுத்துக்காக நான் கதர் ஜிப்பா போட்டிருந்தேன், மூக்குக் கண்ணாடி வேற. சிவசங்கரன் கண்ணு என் மேல விழுந்துருச்சு.

"ஜிப்பா அணிந்த கலை ஆர்வலர் அவர்களே, மேடைக்கு வருக!"

"சார், நான் செல்போன் கவர் விக்கிறவன்."

அவரு யோசிச்சாரு. "கவர் எதற்கு?"

"போன் ஒடையாம இருக்க."

"பாதுகாப்பு! இந்தச் சந்தையின் நோக்கமும் பாதுகாப்புதானே? வாருங்கள்."

ஏறிட்டேன். ஒரு பொன்னாடை போத்துனாங்க. வாழ்க்கையில மொதப் பொன்னாடை. கழுத்துல அது விழுந்தவுடனே எனக்கே நான் கலை ஆர்வலர்தானோன்னு தோணிப்போச்சு.

மேடையில இருக்கிறவங்க ஒருத்தருக்கொருத்தர் பொன்னாடை போத்த ஆரம்பிச்சாங்க. தாசில்தார் தலைமையாசிரியருக்கு, தலைமையாசிரியர் மேனேஜருக்கு, மேனேஜர் எனக்கு. பொன்னாடை தீந்துபோச்சு. அதுக்காக மரியாதைய நிறுத்த முடியுமா? போத்துனவரு கழுத்துல இருந்தே எடுத்து அடுத்தவருக்குப் போத்துனாங்க. என் பொன்னாடை மேடைய ஒரு சுத்துச் சுத்தி என்கிட்டயே திரும்பி வந்துச்சு. அதுல யாரோ வெத்தலை போட்டு வாயத் தொடச்சிருந்தாங்க.

"மேலும்..."னு சிவசங்கரன் அடுத்த ஆளத் தேடிக் கீழ பாத்தாரு. அப்படியே கையி அந்தரத்துல நின்னுபோச்சு. கீழ நாற்காலி எல்லாம் காலி. நடுவுல பட்டு வேட்டியும் தோள்ல துண்டுமா ஒரே ஒரு ஆளு, மருது. அவன் கடிகாரத்தப் பாத்துட்டு எந்திரிச்சுக்கிட்டிருந்தான்.

சிவசங்கரன் மைக்க விட்டுட்டு மேடையில இருந்து குதிச்சு ஓடுனாரு.

"ஐயா, எங்கே போகிறீர்கள்?"

"நேரமாச்சுங்க. அக்கா மகளுக்குக் காதுகுத்து. சீலும் வேணாம் அண்டாவும் வேணாம், நான் வாரேன்."

"தாங்கள் போக இயலாது. தாங்கள்தான் அவை."

"என்னது?"

"மேடையில் இருப்போர் அவையோர் ஆகமாட்டார்கள். விதி. கீழே இருப்பவரே அவையோர். தாங்கள் எழுந்தால் அவை கலைந்ததாகப் பொருள். அவை கலைந்தபின் உரை நிகழ்த்த முடியாது. உரை நிகழாவிட்டால் சந்தையில் ஒரு கரண்டிகூட விற்க முடியாது. தாங்கள் போனால் ஒரு மனிதர் போவதில்லை ஐயா, அரசு நிகழ்ச்சியே போய்விடும்!"

"அப்ப மேல இருந்து ரெண்டு பேர எறக்கி விடுங்க."

சிவசங்கரன் மேல திரும்பிப் பாத்தாரு. மேல இருந்தவங்க எல்லாரும் ஒரே நேரத்துல விட்டத்தப் பாத்தாங்க. பொன்னாடை போத்துன பிறகு கீழ எறங்குறவன் இந்த ஊர்ல இன்னும் பொறக்கல. மருது என்னையப் பாத்து, "மாப்ள, நீயாவது வாடா"ன்னான். எறங்கணும்னுதான் நெனச்சேன். நான் எறங்குனா ரெண்டு பேரும் சேந்து ஓடிருவோம்னு அவங்க வருத்தப்படுவாங்களேன்னு உக்காந்துட்டேன்.

அதுக்கப்புறம் மருதுவுக்கு நடந்த உபசாரத்தச் சொல்லணும். மேடையில எங்களுக்கு இருந்த ஃபேன எடுத்துட்டுப் போயி அவனுக்கு வச்சாங்க. போண்டா வந்துச்சு, டீ வந்துச்சு. பிறகு போட்டோக்காரரு வந்தாரு. அரங்கம் நெறஞ்சிருக்கிற மாதிரி படம் மேலிடத்துக்கு அனுப்பணுமாம். மருதுவ ஒவ்வொரு நாற்காலியிலயா மாத்தி மாத்தி உக்கார வச்சு எடுத்தாரு. ஒண்ணுல தலையில துண்டு, ஒண்ணுல தோள்ல துண்டு, ஒண்ணுல என் மூக்குக் கண்ணாடி, ஒண்ணுல கன்னத்துல கை வச்சுச் சிந்தனை. எல்லாத்தையும் ஒட்டிக் காட்டுனாரு. மண்டபம் பூரா மருது. மருது காதுல மருது ரகசியம் பேசிக்கிட்டிருந்தான்.

போண்டா வேலையக் காட்டுச்சு. ஒண்ணுக்குப் போகணும்னான். சிவசங்கரன் மைக்கப் புடிச்சு, "அவை சிறிது நேரம் ஒத்திவைக்கப்படுகிறது"ன்னு அறிவிச்சாரு. கூடவே ஒரு காவலரும் போனாரு. திரும்பி வந்தப்ப மேடையில இருந்த நாங்க எல்லாரும் எந்திரிச்சு நின்னோம். அவை கூடுதுல்ல!

பதினொண்ணு ஆகப் போகுது. மருது போன் அலறுச்சு. அக்கா தங்கப்பொண்ணு. ஸ்பீக்கர்ல போட்டான்.

"டேய் மருது, எங்கடா இருக்க? புள்ள மொட்டைத் தலையோட 'மாமா, மாமா'ன்னு வாசலப் பாத்துக்கிட்டே நிக்கிறா. ஆசாரி கெளம்புறேன்ங்கிறாரு. கம்மலும் ஒன்கிட்ட இருக்கு. எனக்கு நீ ஒருத்தன்தானடா, நீயும் இல்லைன்னா நான் யாரு மடியில உக்கார வைப்பேன்?" அக்கா அழுகுறது மண்டபம் பூரா கேட்டுச்சு.

மருதுவுக்குக் கண்ணு கலங்கிப்போச்சு. "அக்கா, என்னைய விட மாட்டேங்குறாங்கக்கா"ன்னான். சிவசங்கரன் போன வாங்குனாரு.

"அம்மையீர், வணக்கம். தங்கள் சகோதரர் நலமாக உள்ளார். அவர் தற்போது அரசின் பயன்பாட்டில் இருக்கிறார்."

அந்தப் பக்கம் 'ஐயோ'ன்னு ஒரு சத்தம். லைன் கட்டாயிருச்சு.

அரசாங்கம் புடிச்சு வச்சிருக்குன்னா எங்காளுங்களுக்கு ஒரே அர்த்தம்தான். கொஞ்ச நேரத்துல வேனும் டாட்டா ஏஸுமா சிம்மக்கல்ல வந்து எறங்கிட்டாங்க. முன்னாடி ராமக்காள், முந்தானைய இடுப்புல சொருகிக்கிட்டு. பின்னாடி அக்கா, இடுப்புல மொட்டைத் தலையோட தமிழ்வாணி. அதுக்குப் பின்னாடி அக்கா புருசன் நல்லகாமன், பங்காளிங்க, சம்பந்திங்க, ஆசாரி, மேளக்காரங்க.

"எவன்டா எங்க மருதுவப் புடிச்சு வச்சது?"ன்னு ராமக்காள் போட்ட சத்தத்துல ஓடாத கடிகாரம் ஒண்ணு ஓடுச்சுன்னு மொக்கையன் இன்னைக்கும் சத்தியம் பண்ணுவாரு. சிவசங்கரன் பேனர் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டாரு.

ராமக்காள் மருது பக்கத்துல வந்துச்சு, அவன் கையப் புடிச்சுச்சு. அப்பத்தான் மேடையப் பாத்துச்சு. தேக்குத் தூணு, பித்தளை விளக்கு, மரக்குதிரை, கலர் லைட்டு, வீடியோ கேமரா. புடிச்ச கைய விட்டுருச்சு.

"ஏலே நல்லகாமா, இங்கிட்டு வந்து பாரு. இதுல்லடா பாரம்பரியத் தீமு! நம்ம மண்டபத்துல என்னா இருக்கு, பிளாஸ்டிக் தோரணம்." பேனருக்குப் பின்னாடி பாத்து, "ஐயா, வெளிய வாங்க. இங்கனயே காது குத்திக்கிருவோமா?"

சிவசங்கரன் வெளிய வந்தாரு. கூட்டத்தப் பாத்தாரு. அம்புட்டுச் சனம்! அவரு முகத்துல அந்த மாதிரி ஒரு சிரிப்ப அதுவரைக்கும் நான் பாக்கல. "தாராளமாக! 'மரபு நிகழ்வின் நேரடிச் செயல்விளக்கம்' என்று நிகழ்ச்சிநிரலில் சேர்த்துவிடலாம். அனைவரும் அவையில் அமருங்கள்."

மருது பெருமூச்சு விட்டான். எல்லாம் சரியாப் போச்சுன்னுதான் நானும் நெனச்சேன். ஆனா மைக் கையில இருந்தா சிவசங்கரனுக்கு வாய் சும்மா இருக்குமா?

"குழந்தை வீட்டுப் பெரியவர் யாராவது ஒருவரை மேடைக்கு..."

ஒருவராம்! எங்க சனத்துல அந்த வார்த்தையச் சொல்லலாமா? பெரிய பங்காளி ஏறுனாரு. அப்ப நாங்க சின்னவங்களான்னு மத்தப் பங்காளிங்க ஏறுனாங்க. சம்பந்திங்கள விட்டா மொறை தப்பிப் போகும்னு சம்பந்திங்க ஏறுனாங்க. ராமக்காள் கூப்புடுறதுக்கு முன்னாடியே மேல இருந்துச்சு. மேளக்காரங்களும் ஏறிட்டாங்க. மேடை 'கிரீச்'னு மொனகுச்சு. கீழ மறுபடியும் மருது மட்டும். அவனும் ஏற வந்தான், சிவசங்கரன் நெஞ்சுல கைய வச்சுத் தடுத்துட்டாரு. "ஐயா, அவை!"

இந்தச் சமயத்துல கூடுதல் இயக்குநர் வந்துட்டாரு. மணி பதினொண்ணரை. மேடையப் பாத்தாரு, கீழ பாத்தாரு. "நல்ல கூட்டம்"னாரு. மருதுவுக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு மேல போயி, நடு நாற்காலியில உக்காந்தாரு. தட்டுல வெத்தலை பாக்கு, பழம், பூ, ஆசாரி கையில ஊசிப் பை, அக்கா இடுப்புல புள்ள.

"இன்றைய நிகழ்ச்சி என்ன?"

"காதணி விழா ஐயா. பிறகு உரை"ன்னாரு சிவசங்கரன். "அரசு மேடையில் எது நடந்தாலும் அதைத் தொடங்கி வைப்பவர் சிறப்பு விருந்தினரே. ஆகவே முதல் காதைத் தங்கள் மடியில்..."

"மகிழ்ச்சி"ன்னாரு அவரு, மடியத் தட்டிவிட்டுக்கிட்டு.

மருது ஒரே தாவாத் தாவி மேடை ஓரத்துக்கு வந்துட்டான். "சார், அது என் மடி சார்! நாந்தான் தாய்மாமன்!"

நான் ராமக்காளப் பாத்தேன். அது ஒரு வார்த்தை சொன்னாப் போதும். அது கேமராவப் பாத்துக்கிட்டே சொல்லுச்சு:

"ஒரு காதுதான மருது. நீ எங்க போகப் போற? எப்பவும் கெடைப்ப. ஆபீசர் மடி கெடைக்குமா? உசிலம்பட்டியில எவ வீட்டுலயாவது இப்படி நடந்திருக்கா?"

"ஆமா மாப்ள, போட்டோவுல நல்லா இருக்கும்"னாரு நல்லகாமன். ஆசாரி தொண்டையக் கனைச்சுக்கிட்டு ஊசிய எடுத்துட்டாரு. தாய்மாமன் இல்லைன்னா ஊசிய எடுக்காதவருன்னு சொன்னேன்ல, அதே ஆசாரி. அக்கா மட்டும் தம்பியப் பாத்துச்சு, மாமியாளப் பாத்துச்சு, தலையக் குனிஞ்சுக்கிருச்சு.

மருது சட்டைப் பையில இருந்து கம்மல் டப்பாவ எடுத்து மேடை ஓரத்துல வச்சான். திரும்பிப் போயி அவன் நாற்காலியில உக்காந்தான். பட்டு வேட்டிய நீவி விட்டான். மடி காலியாக் கெடந்துச்சு. நியாயமாப் பாத்தா நான் அப்ப எந்திரிச்சு நாலு கேள்வி கேட்டிருக்கணும். ஆனா கூடுதல் இயக்குநருக்குப் பின்னாடி சரியா என் தலை ஃபிரேம்ல தெரியுதுன்னு போட்டோக்காரரு சைகை காட்டிட்டாரு.

கூடுதல் இயக்குநர் மடியில புள்ளைய உக்கார வச்சாங்க. மொதக் காதுல ஊசி எறங்குச்சு. தமிழ்வாணி 'வீல்'னு கத்துனது மைக்ல போயி மதுரைக்கே கேட்டிருக்கும். மேளம் கொட்டுச்சு. பிளாஷ் அடிச்சுச்சு. கூடுதல் இயக்குநர் புள்ளைய மடியில வச்சுக்கிட்டே, "செவிச்செல்வத்தின் பெருமை..."ன்னு பேச ஆரம்பிச்சாரு. புள்ள அவரு கையில நறுக்குன்னு கடிச்சுருச்சு. அவரு போன எடுத்துப் பாத்தாரு. மணி அடிக்கவே இல்ல. "அவசர அழைப்பு. அடுத்த நிகழ்ச்சி"ன்னு எந்திரிச்சாரு. ஆபீசருங்க எல்லாரும் கார் வரைக்கும் வழியனுப்ப ஓடுனாங்க. கேமராவும் அவரு பின்னாடியே போயிருச்சு.

மணி பன்னெண்டாகப் போகுது. அப்பத்தான் ராமக்காளுக்கு உறைச்சுச்சு.

"ஐயையோ, ஒத்தக் காதோட நிக்கிதே புள்ள! எமகண்டம் வந்துரும்! மருது, ஏ மருது, மேல வாப்பா, சீக்கிரம்!"

மருது அசையல.

"வர முடியாது அத்தை."

"என்னாப்பா சொல்ற?"

"நான் எந்திரிச்சா அவை கலைஞ்சிரும். அரசாங்க நிகழ்ச்சி. ஐயாவையே கேளுங்க."

சிவசங்கரன் அப்பத்தான் மூச்சு வாங்க உள்ள வந்தாரு. எல்லாரும் அவரு மூஞ்சியப் பாத்தாங்க. அவரு விதிய மனசுக்குள்ள ஒருதரம் ஓட்டிப் பாத்தாரு. "அவர் சொல்வது முற்றிலும் சரி"ன்னாரு.

"அப்ப எப்படி?"

"புள்ளைய இங்க கொண்டாங்க"ன்னான் மருது.

பிறகு என்ன! அம்புட்டுப் பேரும் கீழ எறங்குனாங்க. பங்காளி, சம்பந்தி, மேளம், தட்டு, ஆசாரி, பின்னாடியே தாசில்தார், தலைமையாசிரியர், மொக்கையன், கடைசியா நான். அக்கா ஓடிப்போயி புள்ளையத் தம்பி மடியில வச்சுச்சு. அழுது வீங்குன மொகத்தோட தமிழ்வாணி அவன் சட்டையில மூக்கத் தொடச்சுக்கிட்டு, "மாமா, அந்த மாமா வேணாம்"னுச்சு. மருது சிரிச்சான், கண்ணுல தண்ணி ஊத்துது, தொடைக்கக்கூடத் தோணல.

மேடையில கிரிதர் மட்டும் இருந்தாரு. காலையில இருந்து அவர ஒருத்தரும் பேசச் சொல்லல. இப்பக் கீழ பாத்தா மண்டபம் நெறயக் கூட்டம். மைக்கு சும்மா கெடக்குது. பாஞ்சு புடிச்சுட்டாரு. "நண்பர்களே, பழம்பொருள் என்பது..."ன்னு கொட்ட ஆரம்பிச்சாரு. ஒருத்தரும் திரும்பிப் பாக்கல, எல்லாரும் அவருக்கு முதுகக் காட்டிக்கிட்டுப் புள்ளையச் சுத்தி நின்னாங்க. ரெண்டாவது காதுல ஊசி எறங்குன நேரத்துல பொம்பளைங்க ஒண்ணாச் சேந்து கொலவை போட்டாங்க பாருங்க, கிரிதர் பேச்ச நிறுத்திட்டு நெஞ்சுல கைய வச்சு விம்மி விம்மி அழுதாரு. எந்த ஊர்லயும் தனக்கு இப்படி ஒரு வரவேற்பு கெடைச்சதில்லையாம்.

வெளிய வரும்போது எல்லாருக்கும் புறங்கையில சீல் குத்துனாங்க. புள்ளைக்கும் குத்துனாங்க. 'பங்கேற்ற ஒருவரின் இரு செவிகளும் நிகழ்விடத்திலேயே திறக்கப்பட்டன'ன்னு சிவசங்கரன் அறிக்கை அனுப்பி, அதுக்கு மேலிடத்துல இருந்து பாராட்டும் வந்துச்சு. பழம்பொருள் சந்தை மொத்தமும் வேன்ல ஏறிப் பழங்காநத்தத்துக்குக் கறிச்சோறு திங்கப் போச்சு. பந்தியில ராமக்காள்கிட்ட அண்டாவப் பத்திக் கேட்டேன். "எந்த அண்டா?"ன்னுச்சு.

தமிழ்வாணி மருது மடிய விட்டு எறங்கவே இல்ல. "மனசுல வச்சுக்காத மாப்ள"ன்னேன். "ஒரு காதாவது கெடச்சுச்சுல்ல"ன்னான். அவன் எலையில சோறு அப்படியே இருந்துச்சு.

கதை இதோட முடிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும். ஆனா ஆபீசர் மடியில புள்ள இருக்கிற அந்தப் போட்டோ ராமக்காள் வீட்டு நடுக்கூடத்துல ஏறுச்சு, பாத்தவங்க செல்போன்ல எல்லாம் ஏறுச்சு. இப்ப எங்க பக்கம் காதுகுத்துப் பத்திரிகையே மாறிப்போச்சு. 'முதல் காது: சிறப்பு விருந்தினர். இரண்டாம் காது: தாய்மாமன்.' போன முகூர்த்தத்துல ஒரே ஆபீசர் மண்டபம் மண்டபமா ஏறி எறங்கி மடி கொடுத்ததுல அவருக்கு முட்டி வீங்கிப்போச்சாம். மடி ஒதுக்கீடு செய்யத் தனிப் பிரிவு தொடங்கணும்னு சிவசங்கரன் எழுதிப் போட்டிருக்காரு.

நேத்து மருது கடைக்கு வந்தான். வர்ற தையில அவன் மகன் விக்ரமுக்குக் காதுகுத்து. பத்திரிகை மாதிரிய நீட்டுனான். வாங்கிப் படிச்சேன். அவன் மகனுக்குத் தாய்மாமன் நாந்தான்.

"டேய், நீயுமாடா?"ன்னேன்.

"ஊரே வைக்குது மாப்ள. நான் மட்டும் வெறும் தாய்மாமன வச்சுக் குத்துனா நாலு பேரு என்னா நெனப்பாங்க? ஒனக்கென்ன, ரெண்டாவது காது இருக்குல்ல?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, கையில இருந்த கவர அவன் மேல விட்டெறிஞ்சேன். இதெல்லாம் ஒரு நாகரிகமா, மானம் ரோசம் இருக்கிறவன் செய்யிற காரியமான்னு ஒங்ககிட்டயாவது கேக்கலாம்னுதான் இம்புட்டும் சொன்னேன். சிரிக்கிறீகளாக்கும். சிரிங்க, சிரிங்க. போன வாரம் ஒங்க வீட்டுப் பத்திரிகையும் எனக்கு வந்துச்சு. முதல் காதுக்கு நேரா யாரு பேரு போட்டிருந்துச்சுன்னு நானும் பாத்தேன்.